பள்ளிக்கூடம் தூரமாகிவிட்டதா? ஊர் திரும்பும் பிள்ளைகளின் போக்குவரத்தை ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்



சொந்த ஊருக்குத் திரும்பும்போது முதலில் காணியைப் பார்க்கிறோம். பிறகு கிணற்றைப் பார்க்கிறோம், கொட்டில் போட இடம் பார்க்கிறோம். பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவது உண்டு. ஆனால் ஊருக்குப் போய் இரண்டு கிழமைக்குள் பல குடும்பங்களுக்கு எழும் முதல் பிரச்சினை இதுதான். பழைய பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கூரையில்லாத சுவர் நிற்கிறது. இயங்கும் பாடசாலை பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. பஸ்ஸோ பிரதான வீதியோடு திரும்பிவிடுகிறது.

இந்த நிலையில் சில பெற்றோர் பிள்ளையைப் பழைய இடத்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். சிலர் "பஸ் வரும்வரை வீட்டில் நிற்கட்டும்" என்று விடுகிறார்கள். ஒரு தவணை வீட்டில் நின்ற பிள்ளை மீண்டும் பள்ளிக்கூடம் போவது கடினம். தரம் 9, 10 இல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம்.

நாங்கள் இங்கே சொல்ல வருவது ஒன்றுதான்: பிள்ளையின் பயணத்தை ஊர் திரும்பும் முன்னரே திட்டமிடுங்கள், பஸ் இல்லாவிட்டால் தனித்தனியாக அலையாமல் ஊராகச் சேர்ந்து, கணக்கோடு கேளுங்கள். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, அதுவரை என்ன செய்வது என்பன கீழே தரப்பட்டுள்ளன.

1. உங்கள் ஊர்ப் பாடசாலை இப்போது எங்கே இயங்குகிறது?

இடம்பெயர்ந்தது மக்கள் மட்டுமல்ல, பாடசாலைகளும்தான். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறியபோது அங்கிருந்த பாடசாலைகள் வேறு ஊர்களில், வேறு பாடசாலைகளின் கட்டடங்களில், சில வேளை மாலை நேரப் பிரிவாகவும் நடந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி தன் சொந்த இடத்தைத் திரும்பப் பெற்றது 2016 இல்தான். வன்னியிலும் 2009 க்குப் பின்னர் பாடசாலைகள் ஒரே நாளில் திறக்கப்படவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகவே திறக்கப்பட்டன.

ஆகவே உங்கள் ஊர்ப் பாடசாலை பின்வரும் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கலாம்:

- சொந்த இடத்தில் முழுமையாக இயங்குகிறது.
- சொந்த இடத்தில் இயங்குகிறது, ஆனால் ஆரம்பப் பிரிவு மட்டும்தான் உண்டு. தரம் 6 முதல் வேறு பாடசாலைக்குப் போகவேண்டும்.
- இன்னும் திறக்கப்படவில்லை, அல்லது பிள்ளைகள் குறைந்ததால் அருகிலுள்ள பாடசாலையோடு இணைக்கப்பட்டுள்ளது.

இதை ஊர்ப் பேச்சை மட்டும் நம்பி முடிவு செய்யவேண்டாம். வலயக் கல்விப் பணிமனையில் அல்லது கோட்டக் கல்விப் பணிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். மாவட்ட எல்லையும் கல்வி வலய எல்லையும் ஒன்றல்ல. முல்லைத்தீவு மாவட்டத்தில் முல்லைத்தீவு, துணுக்காய் என இரண்டு வலயங்கள் உள்ளன. வவுனியா மாவட்டத்தில் வவுனியா தெற்கு, வவுனியா வடக்கு எனவும், மன்னார் மாவட்டத்தில் மன்னார், மடு எனவும் இரண்டிரண்டு வலயங்கள் உள்ளன. நீங்கள் இருந்த இடம் ஒரு வலயத்திலும், திரும்பும் ஊர் வேறொரு வலயத்திலும் இருக்கலாம். அப்படியானால் உங்கள் கோரிக்கையை ஊர் திரும்பும் வலயத்துக்கே கொடுக்கவேண்டும். பழைய வலயத்தில் கொடுத்த கடிதம் தானாகப் புதிய வலயத்துக்குப் போய்ச் சேராது.

2. பழைய பாடசாலையிலேயே தொடரலாமா, மாற்றிவிடலாமா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. பிள்ளை எந்தத் தரத்தில் படிக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு நீண்ட பஸ் பயணம் பொருந்தாது. ஊருக்கு அருகில் ஆரம்பப் பாடசாலை இயங்கினால், கட்டடம் தற்காலிகக் கொட்டகையாக இருந்தாலும் அங்கே சேர்ப்பதே நல்லது. பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும்போதுதான் அந்தப் பாடசாலைக்கு ஆசிரியரும் கட்டடமும் கேட்க முடியும்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கோ க.பொ.த சாதாரண தரப் பரீட்சைக்கோ சில மாதங்களே இருந்தால் அவசரப்பட்டு மாற்றவேண்டாம். இரண்டு பாடசாலை அதிபர்களுடனும் பேசுங்கள். பரீட்சை எழுதும் வரை பழைய இடத்தில் நிற்கவேண்டியிருந்தால், பிள்ளை யாருடன் நிற்கப்போகிறது, யார் பொறுப்பு, கிழமை முடிவில் எப்படி வீட்டுக்கு வரும் என்பவற்றை முதலிலேயே தீர்மானியுங்கள்.

உயர்தரப் பிள்ளைகள் படிக்கும் பாடப்பிரிவு புதிய பாடசாலையில் உண்டா என்று கேளுங்கள். விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை.

மாற்றுவது என்று முடிவெடுத்தால், பழைய பாடசாலையை விட்டு வரும்போதே விடுகைப் பத்திரத்தையும் தேர்ச்சி அறிக்கையையும் கையோடு எடுத்து வாருங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். கிராம அலுவலரிடம் வதிவிட உறுதிக் கடிதமும் பெற்றுக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு பத்திரம் குறைகிறது என்பதற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். அதிபரைச் சந்தித்து நிலைமையைச் சொல்லுங்கள்.

3. நேரத்தைக் கணக்குப் பாருங்கள்

தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் பார்க்கக்கூடாது, பிள்ளை வீட்டை விட்டு வெளிக்கிட்டுத் திரும்பும் நேரத்தில் பார்க்கவேண்டும். ஓர் உதாரணம்:

உங்கள் வீடு பிரதான வீதியிலிருந்து 3 கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. பாடசாலை பிரதான வீதி வழியே 12 கிலோமீற்றர். பாடசாலை காலை 7.30 க்குத் தொடங்குகிறது. 7.15 க்கு அங்கே நிற்கவேண்டுமானால் 6.45 க்கு பஸ் ஏறவேண்டும். சந்திக்கு நடக்க முக்கால் மணித்தியாலம் வேண்டும். அப்படியானால் வீட்டிலிருந்து 6 மணிக்கு வெளிக்கிடவேண்டும். மார்கழி, தை மாதங்களில் அந்த நேரம் இன்னும் இருட்டு.

பாடசாலை 1.30 க்கு விடுகிறது. அடுத்த பஸ் 3.30 க்குத்தான் என்றால், சந்தியில் இறங்கும்போது 4 மணி, வீட்டுக்கு வந்து சேர 4.45. காலை ஐந்தரைக்குச் சாப்பிட்ட பிள்ளை அவ்வளவு நேரமும் என்ன சாப்பிடும்? இரண்டு மணித்தியாலம் எங்கே நிற்கும்?

இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தால், உங்களுக்குத் தேவை என்ன என்பது தெளிவாகும். சிலருக்குத் தேவை புதிய பஸ் அல்ல; இருக்கும் பஸ் அரை மணித்தியாலம் முந்தி வருவதுதான். சிலருக்குத் தேவை, சந்தியோடு திரும்பும் பஸ் மூன்று கிலோமீற்றர் உள்ளே வருவதுதான். புதிய சேவை கேட்பதைவிட இவற்றைக் கேட்டுப் பெறுவது சுலபம்.

4. இப்போது இருக்கும் வசதிகள்

இ.போ.ச பருவகாலச் சீட்டு (சீசன்): இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்களில் மாணவர்கள் சலுகை விலையில் சீசன் பெறலாம். கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. பாடசாலையில் விண்ணப்பத்தை நிரப்பி, அதிபரின் உறுதிப்படுத்தலோடு சாலைக்குக் கொடுக்கவேண்டும். வடக்கில் யாழ்ப்பாணம், பருத்தித்துறை, காரைநகர், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய இடங்களில் இ.போ.ச சாலைகள் உள்ளன. சீசன், அதில் குறித்த இரண்டு இடங்களுக்கு இடையில் மட்டும் செல்லும். தனியார் பஸ்களில் செல்லாது. ஆகவே பாடசாலை மாறினால் சீசனையும் மாற்றவேண்டும்.

சிசு செரிய: பாடசாலைப் பிள்ளைகளுக்காக 2005 இல் தொடங்கப்பட்ட பஸ் சேவை இது. தேசிய போக்குவரத்து ஆணைக்குழு இதை நடத்துகிறது. இ.போ.ச பஸ்களும் தனியார் பஸ்களும் இதில் ஓடுகின்றன. பாடசாலை நேரத்துக்கு ஏற்ப ஓடுவதும், பிள்ளைகளிடம் குறைந்த கட்டணம் எடுப்பதும் இதன் சிறப்பு. பஸ்காரருக்கு ஏற்படும் குறைவை அரசாங்கம் ஈடு செய்கிறது. உங்கள் பாதையில் இந்தச் சேவை உண்டா என்று அதிபரிடம் கேளுங்கள்.

தனியார் பஸ்: மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு வழித்தட அனுமதி கொடுப்பது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. நேரத்தை மாற்றவோ, பாதையை உள்ளே நீடிக்கவோ அங்கேதான் கேட்கவேண்டும். பஸ் சாரதியிடம் கேட்டுப் பயனில்லை. அனுமதிப்பத்திரத்தில் இல்லாத பாதையில் அவர் ஓட முடியாது.

பாடசாலை வான், முச்சக்கரவண்டி: பல பெற்றோர் சேர்ந்து மாதக் கட்டணத்துக்கு ஒழுங்கு செய்யலாம். பேசும் முன் சாரதியின் அனுமதிப்பத்திரத்தையும் வாகனக் காப்புறுதியையும் பார்க்கத் தயங்காதீர்கள். எத்தனை பிள்ளைகளை ஏற்றுவார், கதவு ஒழுங்காகப் பூட்டுமா, பாடசாலை வாசலுக்குள் இறக்கி விடுவாரா, வராத நாளில் யாருக்கு அறிவிப்பார் என்று கேளுங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் பிள்ளைகளை அனுப்புவதைத் தவிருங்கள். ஒரு குழியில் விழுந்தால் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

5. பஸ் இல்லை என்றால் எப்படிக் கேட்பது?

"எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும்" என்று ஒருவர் போய்க் கேட்டால், "பார்ப்போம்" என்ற பதில்தான் வரும். பஸ் விடும் அதிகாரிக்குத் தெரியவேண்டியது எத்தனை பேர் ஏறுவார்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்பதுதான். அதை நீங்கள் எழுதிக் கொடுத்தால் அவர் முடிவெடுக்கலாம், அல்லது மேலிடத்துக்கு அனுப்பலாம்.

முதற்படி: கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றைக் கூட்டிப் பட்டியல் எடுங்கள். பிள்ளையின் தரம், பாடசாலை, ஏறும் இடம் ஆகியவை போதும். அடுத்த மாதங்களில் திரும்ப இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைத் தனியாக எழுதுங்கள். அந்தப் பாதையில் வரும் ஆசிரியர்களையும், மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போகும் ஆட்களையும் கணக்கில் சேர்த்தால் கோரிக்கைக்குப் பலம் கூடும்.

இரண்டாம் படி: பாதையைப் பாருங்கள். பஸ் வராததற்குக் காரணம் சில வேளை வீதியாக இருக்கும். உடைந்த மதகு, தாழ்ந்து தொங்கும் கிளை, பஸ் திருப்ப இடமில்லாமை போன்றவை. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. உள்ளூர் வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. கிளை வெட்டுவது, திருப்பும் இடத்தைத் துப்புரவாக்குவது போன்றவற்றை உரிய அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டு, சிரமதானமாக நீங்களே செய்யலாம்.

மூன்றாம் படி: கடிதத்தை அதிபர் ஊடாக அனுப்புங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் கையொப்பமிட்டால் நல்லது. பிரதிகளை வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் பிரதேச செயலாளருக்கும் அனுப்புங்கள். ஒரு பிரதியில் "பெற்றுக்கொண்டோம்" என்று திகதி முத்திரை வாங்கி வைத்திருங்கள்.

நான்காம் படி: ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அதே பிரதியோடு இரண்டு பேர் நேரில் போங்கள். அதன் பின்னரும் நடக்காவிட்டால், பிரதேச அல்லது மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும்படி பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கல்வி, போக்குவரத்து, வீதி ஆகிய மூன்று பகுதி அதிகாரிகளும் ஒரே மண்டபத்தில் இருப்பது அங்கேதான்.

மாதிரிக் கடிதம்

சாலை முகாமையாளர்,
இலங்கைப் போக்குவரத்துச் சபை, ............ சாலை.

ஊடாக: அதிபர், ............ வித்தியாலயம்.

ஐயா / அம்மணி,

மாணவர்களுக்கான பஸ் சேவை கோருதல்

............ கிராம அலுவலர் பிரிவில் மீள்குடியேறியுள்ள எமது கிராமத்தில் பாடசாலை தற்போது இயங்கவில்லை. எமது பிள்ளைகள் ...... கிலோமீற்றர் தொலைவிலுள்ள மேற்படி வித்தியாலயத்தில் கற்கின்றனர். தரம் 1 முதல் 5 வரை ...... பேர், தரம் 6 முதல் 11 வரை ...... பேர், உயர்தரம் ...... பேர். இவர்களில் பெண் பிள்ளைகள் ...... பேர்.

தற்போது ............ சந்தியோடு திரும்பும் காலை ...... மணி பஸ்ஸை எமது கிராமம் வரை நீடித்துத் தருமாறும், பாடசாலை விடும் நேரத்துக்கு ஏற்ப பிற்பகல் ...... மணிக்குத் திரும்பும் சேவை ஒன்றை ஒழுங்கு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம். பாதை பஸ் ஓடக்கூடிய நிலையில் உள்ளது. மாணவர் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
பெற்றோர் சார்பில், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், செயலாளர்.

தனியார் பஸ்ஸாக இருந்தால் முகவரியை மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை என்று மாற்றுங்கள். சிசு செரிய சேவை கேட்பதானால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு எழுதும்படி அதிபரிடம் கேளுங்கள். காலை பஸ்ஸைக் கேட்டுவிட்டுப் பிற்பகல் பஸ்ஸை எழுத மறந்துவிடாதீர்கள். முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளுக்குப் பாடசாலை முந்தி விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. பஸ் வரும்வரை

ஒரு கடிதத்துக்குப் பதில் வர வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் இருக்கக்கூடாது.

கூட்டமாக நடப்பது: ஒரே பாதையில் போகும் பிள்ளைகளை ஒரு குழுவாக்கி, ஒவ்வொரு நாளும் ஒரு வளர்ந்தவர் கூடப் போகலாம். பத்துக் குடும்பங்கள் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு கிழமைக்கு ஒரு நாள்தான் முறை வரும். காலையில் யானை நடமாட்டம் உள்ள இடங்களில் விடிந்த பின்னரே வெளிக்கிடுங்கள். பிள்ளைகள் சற்றுப் பிந்தி வரக்கூடும் என்பதை அதிபருக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள்.

துவிச்சக்கரவண்டி: பெரிய பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. பிரேக்கையும் மணியையும் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். பிரதான வீதியில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் ஓடக்கூடாது; ஒருவர் பின் ஒருவராகவே போகவேண்டும்.

குறுக்குப் பாதை வேண்டாம்: மிதிவெடி அகற்றப்பட்டதாக உறுதி செய்யப்பட்ட, மக்கள் பாவிக்கும் பாதையால் மட்டும் போகச் சொல்லுங்கள். தூரம் குறையும் என்று பற்றைக்குள்ளாலோ கைவிடப்பட்ட வளவுக்குள்ளாலோ போகக்கூடாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை உள்ள பக்கம் போகவே கூடாது. அடையாளம் தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், எறிந்து பார்க்காமல், வந்த வழியே திரும்பிப் பெரியவர்களுக்குச் சொல்லவேண்டும். நீங்கள் உடனே கிராம அலுவலருக்கு அல்லது பொலிசுக்கு அறிவியுங்கள்.

மாரி காலம்: ஐப்பசி முதல் மார்கழி வரை குளங்கள் வான் பாயும்போது தாழ்ந்த பாலங்களுக்கு மேலால் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீரைக் கடக்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பாதை மூடினால் பிள்ளைகள் அன்று யார் வீட்டில் நிற்பது என்பதைப் பாடசாலைக்கு அருகிலுள்ள ஒரு குடும்பத்தோடு முதலே பேசி வையுங்கள்.

7. யாரும் விடுபடக்கூடாது

நமது நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளைகள் பாடசாலை செல்வது சட்டப்படி கட்டாயம். பஸ் இல்லாமையால் ஒரு பிள்ளை நின்றுவிட்டது என்றால் அது அந்தக் குடும்பத்தின் தவறு மட்டுமல்ல. அதிகாரிகளுக்கும் ஊருக்கும் அதில் பொறுப்பு உண்டு. அதை மறைக்காமல் அதிபருக்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பாதைக்குப் பயந்து நிறுத்துவது உண்டு. உங்கள் பயம் நியாயமானது. அதற்கு வழி, பாதையைப் பாதுகாப்பாக்குவதுதான். பிள்ளையின் படிப்பை முடித்துவிடுவது அல்ல. கூட்டமாக அனுப்புங்கள். பஸ் தரிப்பிடத்தில் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும் வகையில் பஸ் நேரத்தைக் கேளுங்கள். பஸ்ஸிலோ வழியிலோ யாராவது தொல்லை கொடுத்தால் உங்களிடம் பயமில்லாமல் சொல்லலாம் என்பதைப் பிள்ளைக்குத் தெரியப்படுத்துங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் முறைப்பாடு செய்யலாம்.

காயமடைந்த, நடக்க முடியாத பிள்ளை வீட்டில் இருந்தால், பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயரை முதலில் எழுதுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து உதவி கேளுங்கள். தாய் மட்டும் அல்லது பாட்டி மட்டும் உள்ள குடும்பங்கள் கூட்டத்துக்கு வர நேரமில்லாமல் விடுபட்டுப் போகலாம். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெயர் எடுங்கள்.

8. ஊர் திரும்பும் முன் பார்க்கவேண்டியவை

- எமது ஊர்ப் பாடசாலையின் நிலையை வலயக் கல்விப் பணிமனையில் உறுதி செய்துவிட்டேன்.
- பிள்ளையின் தரத்துக்கு அங்கே வகுப்பு உண்டு என்று தெரியும்.
- விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை, பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலர் கடிதம் ஆகியன கையில் உள்ளன.
- போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.
- பஸ்ஸின் பெயரும் நேரமும் தெரியும், அல்லது ஊர்ப் பட்டியலில் என் பிள்ளையின் பெயர் உண்டு.
- பஸ் வரும்வரை பிள்ளை யாரோடு போகும் என்பது முடிவாகிவிட்டது.

இவற்றில் ஏதாவது ஒன்று குறைந்தால், எங்கள் களப் பணியாளர் உங்கள் ஊருக்கு வரும் நாளில் இந்தப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். பட்டியல் எடுக்கவும் கடிதம் எழுதவும் உதவுவார். ஆனால் கையொப்பம் உங்களுடையதாகவே இருக்கவேண்டும். நாங்கள் ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தை விட்டுப் போய்விடுவோம். சாலை முகாமையாளரிடம் போய் மறுபடியும் கேட்கவேண்டியவர்கள் நீங்கள்தான்.